மூன்று முழமும் நாலு விரலும்

வியாழன், காலை 5.40. சென்னையிலிருந்து வந்த ரயில் இருபது நிமிடத் தாமதத்தில் திண்டுக்கல் சேர்ந்தது. அக்டோபர் பாதி கடந்திருந்தது. முந்தின நாள் மழையில் நடைமேடை இன்னும் காயவில்லை. பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ அறுபது ரூபாய். கன்னிவாடிப் பேருந்து 6.25க்குப் புறப்பட்டது. இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். நான் இறங்க வேண்டிய இடம் ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால் என்று எழுதி வாங்கியிருந்தேன்.

"கோழிப்பண்ணை ஸ்டாப்பு" என்றேன் நடத்துநரிடம்.

"கோழி வாங்கவா சார்?"

"இல்லை. அங்கே சிலை செய்கிற ஒருவரைப் பார்க்க."

"அப்ப பொம்மப் பண்ணைன்னு கேளுங்க. கோழி போயி எட்டு வருசம் ஆச்சு. பேரு மட்டும் போக மாட்டேங்குது."

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கண்காட்சியில், சுட்ட மண்ணாலான எருமைத் தலை ஒன்றைப் பார்த்தேன். வண்ணம் கிடையாது, மெருகு கிடையாது. அது என்னைப் பார்க்கவில்லை, வேறெதையோ பார்த்தது. அதனாலேயே நினைவில் நின்றது. செய்தவர் பெயர் செலின். கடிதம் எழுதினேன். 'வரலாம். வேலை நிற்காது. சாப்பாடு உண்டு' என்று பதில் வந்தது.

7.15. சாலையிலிருந்து முந்நூறு அடி உள்ளே, தென்னைகளுக்கு நடுவில் நீளமான கொட்டகை. நூற்றுப்பத்து அடி நீளம், இருபத்திரண்டு அடி அகலம். இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, மேலே சிமென்ட் ஓடு. பின்னால் மலை, பாதி மேகத்துக்குள். வலையின் மேல் தார்ப்பாய்கள் சுருட்டிக் கட்டியிருந்தன.

செலினுக்கு ஐம்பத்து நான்கு வயது. நகரத்துப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்தவர். வேலையை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகியும் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். நரைத்த முடியைக் கழுத்தளவில் வெட்டியிருந்தார். வந்தவனைக் கண்டு எழவில்லை. ஒரு நாயின் விலா எலும்புகளை உடைந்த ரம்பத் தகட்டால் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மற்றக் கருவிகள்: சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்று, தேய்த்து வழவழப்பாக்கிய சிரட்டைத் துண்டு, பல் டாக்டர் கொடுத்த பழைய கொக்கி.

"காத்து வேணும்னு கோழிக்காகக் கட்டுனது இது" என்றார். "மண்ணுக்கும் அதே காத்துதான். கூடுனா வெடிக்கும், கொறஞ்சா காயாது. நாள் பூரா தார்ப்பாயத் தூக்கறதும் எறக்கறதுமா இருக்கேன். சிற்பம் செய்றது மிச்ச நேரத்துல."

மண் மிதிக்கிறவர் பாண்டியம்மாள், கன்னிவாடிக்காரர். கோழிகள் இருந்த காலத்திலிருந்தே இங்கே வேலை பார்க்கிறார். "அப்பக் கூட்டுனேன், இப்ப மிதிக்கிறேன். நாத்தம் கொறஞ்சிருக்கு சார், கால்வலி கூடியிருக்கு." உள்ளூர்க் கண்மாய் மண் மட்டும் போட்டால் செலினின் சூளைச் சூட்டில் உருகி வழிந்துவிடும். வெளியூரிலிருந்து மூட்டையில் வரும் வெள்ளைக் களிமண்ணோடு அதைக் கால் பங்கு சேர்க்கிறார்கள். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்தால் அது கல்.

கொட்டகையின் கடைசியில் செங்கல் சூளை, உள்ளே ஆறடி உயரம். அதன் வாயிலிருந்து தரையில் பன்னிரண்டடி நீளத்துக்கு இரண்டு இரும்புத் தண்டவாளங்கள். அவற்றின் மேல் நான்கு சக்கரத் தட்டு வண்டி. பெரிய உருவங்களைச் செலின் அந்த வண்டியின் மீதே செய்கிறார். காய்ந்த மண்ணைத் தூக்கக் கூடாது, தொட்டாலே உடையும். வண்டியோடு உள்ளே தள்ளிவிடுவார்.

அன்று வண்டியின் மேல், பாலித்தீன் உறைக்குள், ஒரு சிறுமி நின்றாள்.

அவளைப் பற்றிக் காலைக் காப்பியின்போது செலின் சொன்னார். பெயர் ரோஸ்லின். நிலக்கோட்டைக்கு அருகில் மல்லிகை போட்டிருக்கும் ஜெயராஜ், ஸ்டெல்லா தம்பதியின் மூத்த மகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒன்பது வயதில், மூன்று நாள் காய்ச்சலில் இறந்தாள். கல்லறையில் வைக்க அவளை ஆள் உயரத்தில் செய்து தரவேண்டும் என்று ஜெயராஜ் பள்ளிப் புகைப்படத்தோடு வந்தார். ஆள் சாயலில் செய்வது செலினின் வழக்கம் இல்லை. இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை ஸ்டெல்லா தனியாக வந்தார். பையில் பள்ளிச் சீருடையும், பள்ளியில் கொடுத்த உடல்நல அட்டையும் இருந்தன. காய்ச்சலுக்கு மூன்று வாரம் முன்பு அளந்த உயரம் அட்டையில் இருந்தது: 126 சென்டிமீட்டர்.

"பாவாடைக்கு அடியில ரெண்டு மடிப்பு வச்சுத் தச்சிருந்தாங்க, வளர வளரப் பிரிச்சு விட. அந்த மடிப்பப் பாத்துட்டு முடியாதுன்னு சொல்ல வரல."

பிறகு மேசையிலிருந்து ஒரு மண் பட்டையை எடுத்துக் காட்டினார். ஈரமாக இருந்தபோது அதில் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறியிருந்தார். காய்ந்தபோது அந்தக் கோடு 9.4 ஆனது. சுட்டபின் 8.8. "நான் எது செஞ்சாலும் எட்டுல ஒரு பங்கு கொறைஞ்சுதான் வெளிய வரும். அதனால ரோஸ்லினை நூத்தி நாப்பத்து மூணு வச்சு செஞ்சேன். சூளையிலருந்து வர்றப்ப நூத்தி இருபத்தாறா வருவா." காது மடல்களில் துளைகூடப் பெரிதாகத்தான் போட்டிருக்கிறார். சுட்டபின் அவளுடைய சொந்தத் தோடு அதில் பொருந்த வேண்டும்.

சிலையை வைக்கவேண்டிய நாள் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அதற்குப் பதினேழு நாள் இருந்தது. சனிக்கிழமை சூளை மூட்டுவதாகத் திட்டம். நான் வெள்ளி மாலை திரும்புவதாக இருந்தேன்.

11.00. பாண்டியம்மாள் பாலித்தீனை அவிழ்த்தார். கை நின்றது.

"டீச்சர், செத்த இங்க வாங்க."

சிறுமியின் பாதங்களும் பாவாடையும் வெளுத்துக் காய்ந்திருந்தன. கழுத்துக்கு மேலே மண் கறுத்து ஈரமாக இருந்தது. தோளைச் சுற்றி ஒரு பழைய வெள்ளைத் துண்டு, இன்னும் நனைந்தபடி. இடது இமையின் கோடு கரைந்திருந்தது. நெற்றியின் நடுவில் ஆழமில்லாத இரண்டு கோடுகள், கட்டைவிரலால் போட்ட சிலுவை. இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கத் தாய்மார்கள் பிள்ளைகள் படுக்கப் போகும்போது நெற்றியில் போடுவது அது. துண்டைப் போட்டது யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாரம் ஒருமுறை ஸ்டெல்லா வந்து மகளோடு ஒரு மணி நேரம் தனியாக இருந்துவிட்டுப் போவது வழக்கம். முந்தின நாளும் வந்திருந்தார்.

செலின் துண்டை எடுத்துப் பிழிந்தார். பிறகு குனிந்து தன் கன்னத்தைச் சிறுமியின் கன்னத்தோடு வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார். மண்ணில் ஈரம் இருந்தால் கன்னத்துக்குச் சில்லென்று இருக்குமாம். கையை நம்ப முடியாதாம், கை மரத்துப்போயிருக்கும்.

"கழுத்துல ஈரமண்ணும் காஞ்ச மண்ணும் சேருது. இப்பத் தீ வச்சா தலை தனியா வந்துரும்."

இமையைச் சைக்கிள் கம்பியால் மறுபடி கீறினார். சிலுவையைத் தொடவில்லை.

சனி, காலை 5.50. தீபாவளிக்கு இரண்டு நாள். செம்பட்டியில் மாறி நிலக்கோட்டை போனோம், செலினும் நானும். நான் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தேன். எனக்குத் தங்க இடம் பண்ணையின் பழைய தீவன அறை. பேருந்தில் நிற்கத்தான் இடம்.

பூ மார்க்கெட்டில் வேன்கள் சாலையை அடைத்து நின்றன. பண்டிகையால் விலை ஏறி, குரல்களும் ஏறியிருந்தன. அதைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் ஜெயராஜின் தோட்டம். வீட்டுக்கு முன்னால் தகரப் பந்தல். ஈரச் சாக்கின் மேல் மல்லிகை மொட்டு குவித்து, மேலே இன்னொரு ஈரத்துணி மூடியிருந்தது. ஜெயராஜ் பூவை எடையில் மார்க்கெட்டுக்குப் போடுகிறவர். ஸ்டெல்லா கட்டி, முழத்தில் கடைகளுக்குக் கொடுக்கிறவர். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுத்து அளந்து மடிக்கும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை.

செலின் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஈரத்துணி போட்டது நீதான் ஸ்டெல்லா?"

"ஆமா டீச்சர்." கட்டுவது நிற்கவில்லை.

"எத்தன தடவ?"

"நாலு. வந்தப்பல்லாம்."

ஜெயராஜ் தராசிலிருந்து திரும்பினார். "என்னத்தடி செஞ்ச? செபம் சொல்லப் போறேன்னுல்ல போன?"

"செபமும் சொன்னேன்."

பிறகு ஸ்டெல்லாவே பேசினார். குரல் உயரவில்லை.

"மொத நாளு நீங்க நிப்பாட்டி வச்சப்ப முழம் போட்டுப் பாத்தேன். மூணு முழத்துக்கு நாலு விரல் கூட. இப்ப இருந்தா அந்த உசரந்தான் இருப்பா, பதினொரு வயசுக்கு. அடுத்த தடவ போட்டேன், ஒரு விரலக் காணோம். அதுக்கடுத்தாப்புல இன்னொரு விரல். பூவுன்னா வாடும், ஈரத்துணி போடுவோம். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

"மண்ணு சுருங்கும், அதுக்காகப் பெருசா செய்றேன்னு சொன்னேனே?"

"அவருட்ட சொன்னீங்க."

செலின் சாக்கிலிருந்து ஒரு மொட்டை எடுத்து உருட்டினார். "ஆமா. அவருட்டதான் சொன்னேன். உங்கிட்ட சொல்லியிருக்கணும். தப்பு எம்மேலதான்."

வீட்டுக்குள்ளிருந்து சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஜான்சி, ஒன்பது வயது.

"இவளுக்குப் போன மாசம் ஸ்கூல்ல அளந்தாங்க" என்றார் ஸ்டெல்லா. "நூத்தி இருவத்தேழு. சுட்டு எடுத்தா அவ நூத்தி இருவத்தாறு. அப்புறம் இவதான் அக்கா. சுட வேணாம் டீச்சர். அப்படியே இருக்கட்டும்."

"கல்லறைத் திருநாளுக்கு வைக்கிறோம்னு பங்குக் கோயில்ல அம்புட்டுப் பேருட்டயும் சொல்லியாச்சு" என்றார் ஜெயராஜ். கோபம் இல்லை, களைப்பு.

"சுடாம கல்லறையில வச்சா ஒரு மழை தாங்காது" என்றார் செலின். "கொட்டகைக்குள்ள வச்சுக்கலாம். அங்கயும் காயும். நீ துணி போட்டாலும் காயும், போடலன்னாலும் காயும். மண்ணு அது." எழுந்தார். "புதன்கிழமை காலையில வா. வண்டிய நீதான் சூளைக்குள்ள தள்ளணும். நீ தள்ளாம நான் தீ வைக்க மாட்டேன். வரலன்னா வர வேணாம். மண்ணாவே இருக்கட்டும், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஸ்டெல்லா அடுத்த முழத்தை அளந்து மடித்தார். புறப்படும்போது இரண்டு முழம் பூவை வாழையிலையில் வைத்து எங்களிடம் நீட்டினார். கொடுக்கும் முன் மேலே தண்ணீர் தெளித்தார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். இந்த மூன்று நாளில் கொட்டகையில் நடந்ததை எழுத அதிகம் இல்லை. வெயில் வந்தால் தார்ப்பாய் மேலே போகும், மலையிலிருந்து காற்று இறங்கினால் கீழே வரும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை செலின் சிறுமியின் கன்னத்தில் கன்னம் வைத்துப் பார்த்தார். நாயின் விலா எலும்புகள் முடிந்தன. அடுத்து அதன் காதை மூன்று முறை செய்து மூன்று முறை பிய்த்துப்போட்டார். சிற்பியின் ஒரு நாளில் உருவாக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம் என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். திங்களன்று ஊரில் வெடிச் சத்தம். பாண்டியம்மாள் அதிரசம் கொண்டுவந்தார். "டீச்சருக்கு மண்ணு வெடிக்காம இருந்தா அதுதான் தீபாவளி" என்றார்.

ஸ்டெல்லா வருவாரா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அதை என்கிட்ட கேக்காதீங்க சார். கன்னம் வச்சுப் பாக்குறதுக்கு அவ மண்ணு இல்ல."

புதன், காலை 6.30. செலின் கடைசியாகக் கன்னம் வைத்தார். "சில்லுன்னு இல்ல." எஃகு டேப்பால் அளந்தார்: 134.5. எட்டு எரிவாயு உருளைகள் சுவரோரம் தயாராக நின்றன. சூளை வாயை அடைக்கும் செங்கற்கள் அடுக்கியிருந்தன. ஒன்பது மணிக்கு வருவார்கள் என்று எண்ணம். ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. பாண்டியம்மாள் சாலை வரை இருமுறை நடந்துவிட்டு வந்தார். செலின் நாயின் காதை நான்காம் முறை செய்துகொண்டிருந்தார்.

9.50. மொபெட் சத்தம். ஜெயராஜ் ஓட்ட, நடுவில் ஜான்சி, பின்னால் ஸ்டெல்லா. மடியில் ஒரு தூக்குக் கூடை.

ஸ்டெல்லா நேராக வண்டியிடம் போனார். கூடையிலிருந்து கட்டின மல்லிகைச் சரத்தை எடுத்தார். ஒரு நுனியை மகளின் உச்சந்தலைக்கு நேரே, மண்ணில் படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஜெயராஜிடம் கொடுத்தார். மறுநுனி பாதத்தருகே எட்டிய இடத்தில் நகத்தால் கிள்ளினார். பிறகு தன் கையில் அளந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. மிச்சம் இல்லை.

"மூணு முழம். சரியா மூணு." சரத்தை மடித்தார். "நாலு விரல் போச்சு."

"ஆமா."

"உள்ள போனா இன்னும் நாலு விரல்."

"ஆமா. அம்புட்டுத்தான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கொறையாது ஸ்டெல்லா. மழை பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும் கொறையாது. நாம எல்லாரும் போனப்புறமும் அதே உசரம்."

ஸ்டெல்லா அதைக் கேட்டு நின்றார். நெற்றியில் தான் போட்ட சிலுவையைப் பார்த்தார். அது அங்கே இருக்கும் என்று அவர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. "இத அழிக்கலையா டீச்சர்?"

"அது நான் போட்டது இல்லையே, அழிக்க."

ஜான்சி வண்டியின் மறுபக்கம் போய்ச் சிலையோடு தோளை ஒட்டினாற்போல் நின்றாள். தட்டின் உயரமும் சேர்ந்து அக்கா அவளைவிட ஓரடி மேலே இருந்தாள். "அம்மா, அக்கா எம்புட்டு உசரம்" என்றாள். "என்னய விட ரொம்ப உசரம்."

"ஆமாப்பு" என்றார் ஸ்டெல்லா.

பிறகு வண்டியின் கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்தார். ஜெயராஜ் கூட வந்து பிடிக்கப் போனார். பாண்டியம்மாள் அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். "நில்லுப்பா. ஒரு ஆளு கனந்தான்." சக்கரம் முதலில் நகரவில்லை. பிறகு நகர்ந்தது. பன்னிரண்டடி. என் கடிகாரத்தில் ஐம்பது விநாடி. சூளையின் வாயில் நிழல் முதலில் பாதத்தில் விழுந்தது, கடைசியாக முகத்தில். செலின் குறுக்கே கட்டையை வைத்துச் சக்கரத்தை நிறுத்தினார்.

செங்கல் வைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. முதல் செங்கல் ஸ்டெல்லா எடுத்துக் கொடுத்தது. 11.20க்குச் செலின் சிறிய தீ வைத்தார். பத்து மணி நேரம் மெதுவாக ஏற்றி, பிறகு முழுச் சூடு. அணைத்தபின் ஆற இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை திறக்கக் கூடாது. பார்க்க ஒன்றும் இல்லை என்று சொன்னபிறகும் ஸ்டெல்லா ஒரு மணி வரை சூளைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். போகும்போது மூன்று முழச் சரத்தைச் சூளையின் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். நான் கிளம்பும்போது அது சூட்டில் வாடிப் பழுப்பேறியிருந்தது. யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை.

மாலை 4.15. திண்டுக்கல் பேருந்தில் அதே நடத்துநர்.

"பொம்மையெல்லாம் பாத்தாச்சா சார்?"

"பார்த்தாச்சு."

"எங்க வீட்ல ஒரு கோழி செஞ்சு தரச்சொல்லிக் கேட்டா. மாட்டேன்னுட்டாங்க டீச்சர். கோழிப்பண்ணையில இருந்துக்கிட்டு ஒரு கோழி செய்ய மாட்டேங்குறாங்க."

ரயில் ஏறும்வரை மழை இல்லை.

ஞாயிறு மாலை, சென்னையில், செலினிடமிருந்து செய்தி வந்தது. '126.2. வெடிப்பு இல்லை. தோடு பொருந்தியது. ஸ்டெல்லா முழம் போட்டார். மூன்றுக்கு நாலு விரல் கம்மி.' கூடவே ஒரு புகைப்படம்.

செய்தித்தாள் அலுவலகத்தில் பல ஆண்டுகள் படங்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் இருந்தேன். ஒரு படத்தை முதலில் நடுவிலும் பிறகு ஓரங்களிலும் பார்ப்பது அங்கே ஏற்பட்ட பழக்கம். நடுவில் ரோஸ்லின், தரையில் இறக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மண் இப்போது இருண்ட பழுப்பு, நெற்றியில் சிலுவை, காதில் தோடு. அவளுக்கு இடப்புறம் ஜான்சி, ஞாயிற்றுக்கிழமைக் கவுன் போட்டுக்கொண்டு, தோளோடு தோளாக. அளவுப்படி அவள் எட்டு மில்லிமீட்டர் உயரமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. அக்காவின் காதுக்குத்தான் அவள் தலை வருகிறது.

படத்தைப் பெரிதாக்கிக் கீழே பார்த்தேன். கவுனுக்குக் கீழே அவள் முழங்கால்கள் மடங்கியிருந்தன.